சிறுநீரில் நுரையும் ரத்தமும் சேர்ந்து வந்தால்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தம்பிக்கு 26 வயது, துறைமுகத்தில் கண்டெய்னர் வேலை. இந்த ஒரு வருடத்தில் இரண்டு முறை, தொண்டை வலி வந்த மறுநாளே சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிருக்கிறது. மூன்று நாளில் தானாகத் தெளிந்தும் விட்டது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. முதல் முறை ‘சூடு’ என்று இளநீர் குடிக்க வைத்தார்கள். இரண்டாம் முறை பக்கத்து க்ளினிக்கில் ‘யூரின் இன்ஃபெக்‌ஷன்’ என்று மாத்திரை கொடுத்தார்கள். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில், “இம்யூன் சம்பந்தப்பட்ட கிட்னி நோய் போலத் தெரிகிறது, பயாப்ஸி எடுக்க வேண்டும்” என்கிறார்களாம். ரிப்போர்ட்டையும் எழுதியிருக்கிறார்: ஆல்புமின் ++, சிவப்பணு 18-20, பஸ் செல் (சீழ் அணு, அதாவது வெள்ளையணு) 6-8, கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை, கிரியாட்டினின் 1.3, பி.பி. 150/96. இம்யூன் என்றால் என்ன, சதை எடுத்தால் கிட்னி போய்விடுமா, எடுக்காமலே சமாளிக்க முடியாதா என்பது அவர் கேள்வி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்து லேப்களில் முப்பது வருடத்துக்கு மேல் மைக்ராஸ்கோப்பில் சிறுநீர் பார்த்தவன். மருந்து சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ரிப்போர்ட் என்ன பேசுகிறது என்பதைச் சொல்ல முடியும். உங்கள் டாக்டருக்கு வந்திருக்கும் சந்தேகம் நியாயமானது அம்மா. வலியே இல்லாமல் புரதமும் ரத்தமும் ஒன்றாகப் போகிறது, அதோடு 26 வயதில் பி.பி. ஏறியிருக்கிறது. இது மூத்திரப் பையின் பிரச்சினை இல்லை, கிட்னிக்குள் வடிகட்டும் இடத்தின் பிரச்சினை என்று நினைக்கத்தான் தோன்றும்.

ஒரு வார்த்தைக் குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கொள்வோம். நம் பக்கத்தில் ‘உப்பு’ என்ற ஒரே சொல்லை மூன்று விஷயத்துக்குச் சொல்கிறோம். கர்ப்பிணிக்கு யூரினில் ஆல்புமின் இருந்தால் ‘உப்பு போகுது’. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறினாலும் ‘உப்பு ஏறிடுச்சு’. அப்புறம் சாப்பாட்டு உப்பு. மூன்றுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் மூன்றும் வேறு வேறு. ஆல்புமின் ஒரு புரதம், ரத்தத்திலேயே இருக்க வேண்டியது. அது வெளியே ஒழுகக் கூடாது. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, வெளியே போக வேண்டியது. அது உள்ளே தேங்கக் கூடாது. உங்கள் தம்பிக்கு ஆல்புமின் ஒழுகுவது தெளிவாகவே தெரிகிறது, கிரியாட்டினின் தேங்குவது மெல்ல ஆரம்பித்திருக்கலாம். அந்த 1.3-க்குப் பிறகு வருகிறேன்.

ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. குளோமெருலஸ் என்பார்கள். நூல் உருண்டை போலச் சுருண்ட மெல்லிய ரத்தக் குழாய்கள் அவை. எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் 180 லிட்டர் வரை வடிக்கின்றன, அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர் போக மற்றதெல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. காசிமேட்டு வலை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் போகும், பொடி போகும், மீன் போகாது. ஆல்புமினும் சிவப்பணுவும்தான் மீன்.

இம்யூன் என்பது நம் எதிர்ப்பு சக்தி. கிருமி வந்தால் உடம்பு ஆன்டிபாடி செய்கிறது. சில பேருக்கு அந்த ஆன்டிபாடி தன் உடம்பின் பொருளையே பிடித்துக்கொள்ளும், அல்லது எதையோ பிடித்துக் கட்டியாகி ரத்தத்தில் சுற்றிவந்து இந்த வலையில் சிக்கும். வலையில் சொறிமீன் அப்பிக்கொண்டால் மீனவர் உதறுவார், இழுப்பார், கடைசியில் அந்த இடத்தை அறுத்தே எடுப்பார். உடம்பும் அப்படித்தான். சிக்கியதை அகற்ற வெள்ளையணுக்கள் ஓடிவந்து சண்டை போடும்போது வலை கிழிகிறது. ஓட்டை பெரிதானால் ஆல்புமின் ஒழுகும், கிழிசலானால் சிவப்பணுவும் வரும். கிழிந்த இடம் ஆறும்போது தழும்பாகிவிட்டால் அந்த வடிகட்டி அதோடு முடிந்தது, புதிதாக ஒன்று முளைக்காது. ‘எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வந்த நோய்’ என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். குறைவதால் வருவதல்ல, இலக்கு தவறுவதால் வருவது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிறேன் என்று எந்தப் பொடியும் வாங்காதீர்கள்.

இத்தனையும் நடக்கும்போது வலிக்காது. அதுதான் இந்த நோயின் கெட்ட குணம். இடுப்பு வலித்தால்தான் கிட்னி என்று நாம் நினைக்கிறோம். கல் வலிக்கும், கிருமித் தொற்று எரியும். வடிகட்டி கிழிவது சிறுநீரில்தான் தெரியும்.

எப்படித் தெரியும்? முதலில் நுரை. வேகமாகப் போனாலும் நுரைக்கும், கழிப்பறையில் ஊற்றிய கிளீனர் மிச்சம் இருந்தாலும் நுரைக்கும். அது சில நொடியில் உடைந்துவிடும். புரத நுரை சோப்பு நுரை போல மேலேயே நிற்கும், ஒரு முறை தண்ணீர் ஊற்றினாலும் போகாது. நம் சித்த மருத்துவத்தில் நீர்க்குறி பார்க்கும்போது நிறம், எடை, மணம், எஞ்சல் ஆகியவற்றோடு நுரையையும் ஒரு குறியாக வைத்திருந்தார்கள். லண்டனில் ரிச்சர்ட் பிரைட் என்ற டாக்டர் 1827-ல், உடம்பு வீங்கிய நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் ஊற்றி மெழுகுவர்த்தியில் காட்டி, அது முட்டை வெள்ளைக்கரு போலத் திரிவதைக் கிட்னியோடு முடிச்சுப் போட்டார். நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் எங்களுக்கு அதே சோதனைதான். டெஸ்ட் டியூபின் அடியைப் பிடித்துக்கொண்டு மேல் பாதியைச் சூடு காட்டுவோம், வெள்ளையாகத் திரிந்தால் இரண்டு சொட்டு அசெடிக் ஆசிட் விடுவோம். தெளிந்தால் பாஸ்பேட், தெளியாமல் நின்றால் ஆல்புமின். இப்போது ஒரு பட்டையை நனைத்து நிறம் பார்க்கிறார்கள்.

அந்தப் பட்டைக்கு ஒரு குறை உண்டு. + என்றால் டெசிலிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம், ++ என்றால் சுமார் 100. ஆனால் வெயிலில் வேலை செய்து தண்ணீர் குடிக்காதவருக்குச் சிறுநீர் கெட்டியாக இருக்கும், குறைந்த புரதமும் கூடுதலாகக் காட்டும். மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவருக்கு நிறைய இருந்தாலும் குறைவாகக் காட்டும். அதனால் பட்டையோடு நிற்காமல் புரதம்-கிரியாட்டினின் விகிதம் கேளுங்கள், லேபில் ‘பி.சி.ஆர்.’ என்பார்கள். காலையில் எழுந்து முதலில் போகும் சிறுநீரில் பார்ப்பது நல்லது. 0.2-க்குள் இருந்தால் கவலை இல்லை. 1-ஐத் தாண்டினால் டாக்டர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 3, 3.5 என்று போனால் கண் இமையும் காலும் வீங்கும். காய்ச்சலிலோ கடும் உழைப்புக்குப் பிறகோ கொஞ்சம் புரதம் வந்து போகும், ஆகவே ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது.

அடுத்தது நிறம். வடிகட்டியிலிருந்து வரும் ரத்தம் புது ரத்தம் போலச் சிவப்பாக வராது. நீண்ட குழாய் வழியே அமிலத்தில் ஊறி வருவதால் டிக்காஷன் நிறத்திலோ, கறி கழுவிய தண்ணீர் போலவோ இருக்கும். கட்டி கட்டியாக வராது. சிவப்பாகக் கட்டியோடு வந்தால், அதுவும் நாற்பதைத் தாண்டிய புகைபிடிப்பவருக்கு வலியில்லாமல் வந்தால், அது வேறு கதை. மூத்திரப் பையில் புற்று இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். டி.பி. மருந்து ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு ஆரஞ்சாகப் போகும், அது மருந்தின் நிறம்தான். பீட்ரூட்டுக்கும் அப்படியே. மாதவிலக்கு நாட்களில் சோதனைக்குக் கொடுக்கவே வேண்டாம்.

மூன்றாவதுதான் என் தொழில், மைக்ராஸ்கோப். பத்து மில்லி சிறுநீரைச் சுழற்றி, அடியில் தங்கியதை ஒரு சொட்டு எடுத்து, வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் பார்க்க வேண்டும். கல்லாலோ தொற்றாலோ வரும் சிவப்பணு காசு மாதிரி வட்டமாக இருக்கும். வடிகட்டியின் கிழிசலில் நசுங்கி வந்தது கோணல்மாணலாக, காது முளைத்தது போல, ஓரத்தில் கொப்புளத்தோடு இருக்கும். அதைவிடப் பெரிய சாட்சி ‘காஸ்ட்’. புட்டுக் குழலில் அடைத்துத் தள்ளினால் குழல் வடிவத்தில் புட்டு வருவது போல, கிட்னியின் நுண்குழாயில் புரதம் உறைந்து அதே உருளை வடிவத்தில் வெளியே வரும். அதற்குள் சிவப்பணு ஒட்டியிருந்தால் ரத்தம் கிட்னிக்குள்ளிருந்துதான் வருகிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். ஒன்றே ஒன்று கண்ணில் பட்டாலும் போதும். ஆனால் இரண்டு மணி நேரம் வெளியில் வைத்தால், நம் ஊர் வெயிலில், காஸ்ட் கரைந்துவிடும். காலை ஆறு மணிக்குப் பிடித்து, வேலைக்குப் போகிற வழியில் பத்து மணிக்குக் கொடுத்த பாட்டிலில் எதைத் தேடுவது?

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் அசிங்கத்தையும் சொல்லியாக வேண்டும். நான் சில காலம் வேலை பார்த்த ஒரு தனியார் லேபில் நாளுக்கு நூற்றுக்கணக்கில் யூரின் வரும், பார்க்க இரண்டு பேர். பட்டையில் எதுவும் தெரியாவிட்டால் ஸ்லைடே போட மாட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ‘பஸ் செல் 2-4, எபிதீலியல் 1-2, காஸ்ட் இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். எங்களுக்குள் அதற்கு ‘நாற்காலி ரிப்போர்ட்’ என்றே பெயர். நானும் இரண்டொரு நாள் எழுதியிருக்கிறேன், மறைக்க விரும்பவில்லை. ஆகவே ‘காஸ்ட் இல்லை’ என்று அச்சாகியிருப்பதைப் பெரிதாக நம்பாதீர்கள். கிட்னி டாக்டர் சிலர் தாங்களே சிறுநீரைச் சுழற்றிப் பார்ப்பார்கள், அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். அதே மாதிரி பஸ் செல் 6-8 என்பதை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் எழுதுவதும் நடக்கிறது. வடிகட்டி வீங்கினாலும் வெள்ளையணு வரும். எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, கல்ச்சரில் கிருமி இல்லை, ஆனால் ஆல்புமினும் சிவப்பணுவும் இருக்கிறது என்றால் அதை இன்ஃபெக்‌ஷன் என்று சொல்லி நாளைக் கடத்தக் கூடாது.

சரி, எந்த நோய்? பயாப்ஸிக்கு முன் யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தொண்டை வலிக்கும் நிற மாற்றத்துக்கும் இடையே எத்தனை நாள் என்பது பெரிய துப்பு. சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டை புண்ணானால் ஒன்று இரண்டு வாரம் கழித்து, சிரங்கு வந்தால் மூன்று முதல் ஆறு வாரம் கழித்து, முகம் வீங்கி, கறுப்பாகச் சிறுநீர் போகும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகளின் பாட்டில்கள் அப்படி என் மேஜைக்கு நிறைய வந்திருக்கின்றன. ரத்தத்தில் சி3 என்ற புரதம் குறையும், ஆறு எட்டு வாரத்தில் பழையபடி ஏறிவிடும். பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுவார்கள். உங்கள் தம்பிக்கு அப்படி இல்லை. தொண்டை வலியோடு கூடவே, மறுநாளே வந்திருக்கிறது. இது ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்ற நோயின் சாயல். மூக்கு, தொண்டை, குடலைக் காக்கும் ஐ.ஜி.ஏ. என்ற ஆன்டிபாடி சிலருக்குச் சரியாக உருவாகாமல், கட்டியாகி வடிகட்டியில் போய்ப் படியும். 1968-ல் பாரிஸில் பெர்ஜே என்ற மருத்துவர்தான் முதலில் இனம் கண்டார். இளவயது ஆண்களிடம் அதிகம் பார்க்கலாம். சிலருக்கு வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும், சிலருக்குப் பத்து இருபது வருடத்தில் கிட்னியைத் தின்றுவிடும். பி.பி. எவ்வளவு, புரதம் எவ்வளவு போகிறது, பயாப்ஸியில் தழும்பு எவ்வளவு என்பதை வைத்துத்தான் இரண்டில் எது என்று கணிப்பார்கள்.

இளம்பெண்ணுக்கு இதே ரிப்போர்ட் வந்தால் முதலில் லூபஸ் ஞாபகம் வரும், எதிர்ப்பு சக்தி தன் உடம்பின் பல உறுப்புகளையே தாக்கும் நோய் அது. மூட்டு வலி, முடி கொட்டுதல், வாய்ப்புண், வெயில் பட்டால் கன்னத்தில் சிவப்பு என்று வரும், ரத்தத்தில் ஏ.என்.ஏ. சோதனை பார்ப்பார்கள். ரத்தம் இல்லாமல் புரதம் மட்டும் கொட்டி உடம்பு முழுக்க வீங்கினால் சின்னப் பிள்ளைக்கு ஒரு வகை, பெரியவருக்கு மெம்பரேனஸ் என்று இன்னொரு வகை. அந்த மெம்பரேனஸ் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பாதரசம் கலந்த சிவப்பழகு க்ரீம் பூசியவர்களுக்கு அது வந்ததைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாதரசம் சேர்ந்த சில நாட்டு மருந்துகளோடும் அது தொடர்புபடுத்தப்பட்டிருக்கிறது. தயாரித்தவர் பெயரே இல்லாமல் டப்பாவில் விற்கும் க்ரீமைத் தூக்கி எறியுங்கள்.

இவற்றில் அவசரம் என்று ஒன்று உண்டு. சிறுநீர் குறைகிறது, கிரியாட்டினின் வாரத்துக்கு வாரம் ஏறுகிறது, கூடவே இருமலில் ரத்தம் அல்லது மூச்சுத்திணறல் என்றால் நாள் பார்க்க நேரமில்லை. சில வாரத்திலேயே கிட்னி முழுக்கப் போய்விடக்கூடிய வகை அது. அன்றைக்கே அட்மிட் ஆக வேண்டும்.

இப்போது அந்த 1.3. ரிப்போர்ட்டின் ஓரத்தில் நார்மல் என்று போட்டிருந்தாலும் இருக்கலாம், பல லேப்களில் ஆணுக்கு 1.3 வரை விடுவார்கள். ஆனால் வயது 26 என்று வைத்துக் கணக்குப் போட்டால் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 78 மில்லி வருகிறது. அந்த வயதுக்கு நூறை ஒட்டி இருக்க வேண்டும். உடம்பு கட்டுமஸ்தாக இருந்தால் கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் என்பதும் உண்மை. பழைய ரிப்போர்ட் எங்கேயாவது கிடைக்குமா என்று தேடுங்கள், வேலையில் சேரும்போது மெடிக்கல் எடுத்திருப்பார்கள். அப்போது 0.8 இருந்திருந்தால், இன்றைய 1.3 நார்மல் இல்லை.

பயாப்ஸிக்கு வருவோம். கிட்னியை வெட்ட மாட்டார்கள். குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போகும் ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே ஒரு மெல்லிய ஊசியால் நூல் மாதிரி இரண்டு துண்டு எடுப்பார்கள். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம். அதில் சில டஜன் வடிகட்டிகள் இருக்கும். இருபது லட்சத்தில் சில டஜன். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அதற்குத்தான் பலர் பயந்துபோகிறார்கள். உண்மையான அபாயம் ரத்தக்கசிவு. அதனால்தான் முன்பே பி.பி.யைக் குறைத்து, பிளேட்லெட்டும் ரத்தம் உறையும் நேரமும் பார்த்து, ஆஸ்பிரின் சாப்பிடுபவர் என்றால் நிறுத்தச் சொல்லி, எடுத்த பிறகு பல மணி நேரம் மல்லாந்து படுக்க வைத்து ஒவ்வொரு முறை போகும் சிறுநீரையும் கவனிக்கிறார்கள். முதல் ஒன்றிரண்டு முறை லேசாகச் சிவந்து போகலாம். அசையாமல் கிடப்பதுதான் தம்பிக்குக் கஷ்டமாக இருக்கும். எடுத்த துண்டில் ஒன்றை ஒளிரும் சாயம் போட்டுப் பார்த்தால் எந்த ஆன்டிபாடி படிந்திருக்கிறது என்று பச்சையாக மின்னும். ஐ.ஜி.ஏ.வா, லூபஸா என்று அங்கேதான் தெரியும். இரண்டுக்கும் மருந்து வேறு. பயாப்ஸி எடுக்காமல் எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்குவது, என்ன மீன் என்று தெரியாமல் வலை போடுவது மாதிரி. சின்னப் பிள்ளைகளின் சாதாரண புரத ஒழுக்குக்கு மட்டும் பெரும்பாலும் பயாப்ஸி இல்லாமலே ஸ்டீராய்டு தருவார்கள். அந்தச் சலுகை 26 வயதுக்குக் கிடையாது.

செலவு பயமாக இருந்தால் பழைய கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அதாவது ஸ்டான்லிக்கு. கிட்னிக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையில் எடுத்துப் போங்கள். வரிசை நீளம்தான், காலையிலேயே கிளம்புங்கள்.

மருந்தை டாக்டர் முடிவு செய்வார். பொதுவாகப் பி.பி. மாத்திரையில்தான் ஆரம்பிப்பார்கள், டெல்மிசார்ட்டான் போன்றவை பி.பி.யைக் குறைப்பதோடு புரத ஒழுக்கையும் குறைக்கும். ‘பி.பி. இறங்கிடுச்சு, மாத்திரையை விட்டுட்டேன்’ என்று வருபவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது எனக்கு. ஸ்டீராய்டு கொடுத்தால் திடீரென்று நிறுத்தவே கூடாது, ஆபத்து. தொடங்கும் முன் டி.பி.யும் மஞ்சள் காமாலைக் கிருமியும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அலுத்துக்கொள்ளாமல் ஒத்துழையுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது, உப்பைக் குறைப்பது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், பீச் ஸ்டேஷன் எதிரே விற்கும் அத்தோ (பர்மா நூடுல்ஸ்), எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் உப்புக்குள் அடங்க வேண்டும். ஆல்புமின் போகிறதே என்று தினம் பத்து முட்டை வெள்ளைக்கரு கொடுக்கிறார்கள் சில வீடுகளில். உள்ளே போட்டதும் ஒழுகத்தான் செய்யும், வழக்கமான அளவு போதும். உடம்பு வலிக்கு டைக்லோஃபெனாக் மாதிரி மாத்திரை கடையில் வாங்கிப் போடுவது கண்டெய்னர் வேலைக்காரர்களிடம் சகஜம். அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இளநீர் தம்பிக்கு இப்போதைக்கு விஷமில்லை, ஆனால் இந்தப் பி.பி. மாத்திரைகளோடு சேர்ந்தால் பொட்டாசியம் ஏறலாம். டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். இளநீர் குடித்ததால் நிறம் தெளியவில்லை. குடிக்காமல் இருந்திருந்தாலும் மூன்றாம் நாள் தெளிந்திருக்கும்.

டயாலிசிஸ் வருமா என்ற பயம் உங்கள் கேள்வியின் அடியில் இருக்கிறது. இன்றைய எண்களை வைத்துப் பார்த்தால் அந்த நிலைக்கு இன்னும் தூரம் இருக்கிறது. அந்தத் தூரம் கூடுமா குறையுமா என்பதைத்தான் பயாப்ஸியும் அடுத்த ஆறு மாதத்து பி.சி.ஆரும் சொல்லும். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.

கடைசியாக, நீங்களும் ஒரு முறை பி.பி.யும் யூரினும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐ.ஜி.ஏ. நோய் பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்வதில்லை, ஆனாலும் சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவருக்கு இருக்கிறது. சாதாரண யூரின் சோதனைக்குப் பெரிய செலவில்லை. லேபிலேயே டப்பா வாங்கி, முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து, அங்கேயே உடனே கொடுத்துவிடுங்கள். ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவர வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் எண்ணெய் மிதக்கும், நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.